ஈச்சங்கொல்லை வளைவு

ஸ்டீரிங் ஆடுகிறது என்றால் ஏதாவது ஒரு வேகத்தில் ஆட வேண்டும். நாற்பதில் ஆடினால் டயர். அறுபதில் ஆடினால் பேலன்சிங். பள்ளத்தில் விழுந்து எழும்போது பிடித்துக்கொண்டு, வண்டியை நிறுத்தும்வரை விடாமல் உதறினால் சக்கரம் திரும்புகிற முளை, கிங் பின். வாழ்நாள் பூராவும் ஜீப் ஓட்டின சின்னதுரைக்கு இதை எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் மகன் மணிமாறன் சொன்ன பதில் அவருக்கு எரிச்சலை மூட்டியது.

"ஸ்பீடுல இல்ல நைனா. எடத்துல ஆடுது."

"எடத்துலன்னா?"

"மைன்ஸ் வேலியோரமா போற ரோட்டுல, நம்ம பழைய ஊரு ஈச்சங்கொல்லைக்குத் திரும்புற வளைவு இருந்துச்சே, அங்க. இருபதுல போனாலும் ஆடுது, அறுபதுல போனாலும் ஆடுது. தாண்டிட்டா கம்முனு ஆயிடுது."

"வண்டிக்கு ஊரு பேரு தெரியுமாடா? ரோடு பள்ளமா இருக்கும்."

"இப்பதான் புதுசா தார் போட்டான். சோறு போட்டுத் திங்கலாம், அப்படி இருக்குது."

முந்தின ஷிப்டில் அந்த வளைவில் ஸ்டீரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. முன் சக்கரம் கம்பிவேலியில் முட்டி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் தரை கிடையாது. தென்னை மரத்தை நட்டால் குருத்து வெளியே தெரியாத சுரங்கப் பள்ளம். இதைச் சோறு தின்றுகொண்டே சிரித்தபடி சொன்னான் மடையன். மருமகள் திலகவதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாமா, இன்னிக்கி இந்த வண்டிய எடுத்துக்கினு நைட் ஷிப்டுக்குப் போவாதன்னு நீங்களாவது சொல்லுங்க."

"போவலைன்னா மைன்ஸ்காரன் காண்ட்ராக்ட்ல வேற வண்டிய போட்டுடுவான்," என்றான் மணிமாறன்.

"நான் அடியில பூந்து பாக்கறேன். நான் சொன்னாத்தான் வண்டி நகரும்," என்றார் சின்னதுரை.

வேறு எவனையும் அவர் நம்புவதாக இல்லை. ஏற்கெனவே மூன்று பேர் பார்த்தாயிற்று. ஆர்ச் கேட் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரன் டயரை மாற்றினான். இன்னொருத்தன் முன்பக்க மூட்டு எல்லாவற்றையும் புதுசாகப் போட்டான். மூன்றாமவன் கம்ப்யூட்டரில் அலைன்மென்ட் பார்த்து பச்சைக் கோடு காட்டினான். எல்லாரும் ஒரே மாதிரி பல்லைக் காட்டி, இனி ஆடாது பெரியவரே என்றார்கள். திருட்டுப் பயல்கள்.

ஜீப் அவருடைய அண்ணன் அய்யனாருடையது. ஈச்சங்கொல்லையிலிருந்து பண்ருட்டி மண்டிக்குப் பலாப்பழம் அடித்த வண்டி. ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது ஆட்டுக்கல், ஆடு, கதவு நிலை, கோயில் சாமிகூட இந்த ஜீப்பில்தான் ஏறி, மாற்று மனை கொடுத்த வடக்குத்துக்கு வந்தது. அய்யனார் வரவில்லை. காலி பண்ணுவதற்கு முந்தின மாசம் செத்து, ஊர் இடுகாட்டிலேயே படுத்துக்கொண்டார். அங்கே படுத்திருந்தவர்களை ஏற்றிவர யாருக்கும் தோன்றவில்லை. செத்தவனுக்கு எவன் மனைப்பட்டா கொடுப்பான். அத்தனை வருஷம் கருவேல முள் மண்டிக் கிடந்த இடுகாட்டைச் சுரங்கத்துப் பெரிய மிஷின் போன மாசம் தொட்டுவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சின்னதுரை போய்ப் பார்க்கவில்லை. போய் என்னத்தைப் பார்ப்பது. ஜீப் ஆட ஆரம்பித்ததும் அந்த மாசம்தான். அதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

கார்த்திகை மாசத்துப் பொழுது சீக்கிரமே மங்கியது. வாசல் சரளையில் ஜீப்பை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, கோணியை விரித்து முன்பக்கமாக அடியில் நுழைந்தார். தூறல் விழவே காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார். தூரத்தில் பழுப்பு நிலக்கரி போகும் பெல்ட் எப்போதும்போல உறுமிக்கொண்டிருந்தது, அதற்கும் அடியில் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் பம்புகளின் முனகல், கிரீஸ் நாற்றம், நனைந்த மண்ணின் வாடை, இவற்றுக்கெல்லாம் நடுவே மூக்கின் நுனியில் ஒட்டிக்கொண்டு நகராத இன்னொரு வாடை. கனிந்து வெடித்த பலாப்பழம். கார்த்திகையில் ஏது பலாப்பழம். சிந்தின பலாப்பால் எந்த இடுக்கிலாவது காய்ந்து கிடக்கும், மழைக்கு நாறுகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் இன்ஜினை நிறுத்திவிட்டு மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துளித்துளியாக ஆட்ட வேண்டும். இன்னொருத்தன் கீழே ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு உள்ளங்கையில் டக்கென்று குத்தும்.

"ஆட்டு," என்றார்.

மணிமாறன் ஆட்டினான். ஸ்டீரிங் கம்பி கைக்குள் போய் வந்தது. குத்தவில்லை.

"ஆட்டிக்கினே இரு. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாத."

"போன் அடிக்குது நைனா."

"அடிக்கட்டும். உன் சூப்பர்வைசரு உன்னைக் கட்டிக்கவா போறான்."

அடுத்த மூட்டு. அதுவும் சுத்தம். தலைக்கு மேலே பட்டை ஸ்பிரிங் கிறீச்சிட்டு மெல்ல மேலே ஏறியது. அப்புறம் இறங்கியது. பயல் ஓர் இடத்தில் உட்காரமாட்டான். கம்பி மறுபடி ஆடியது. இப்போது முன்னைவிட நிதானமாக, அழுத்தமாக. டயர்கள் சரளையை நறநறவென்று அரைத்தன.

"துளித்துளியாடா. மாவா ஆட்டற."

கம்பி கேட்கவில்லை. இடது பக்கம் நீளமாகப் போய் நின்றது. நேரானது. நேராகவே கொஞ்ச நேரம் சும்மா நடுங்கியது, செம்மண் தடத்தில் போகிற வண்டியில் நடுங்குவதுபோல. அப்புறம் வலது.

"மாறா. காது அடைச்சுக்கிச்சா?"

"என்னா நைனா?"

குரல் மேலேயிருந்து வரவில்லை. வீட்டு வாசலிலிருந்து வந்தது. சின்னதுரை தலையைத் திருப்பினார். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, வாசல் குழாயடியில், மகனின் இரண்டு காலும் தெரிந்தன. போனில் பேசிக்கொண்டே கால் கழுவிக்கொண்டிருந்தான்.

கம்பி அவர் கைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"திலகா," என்று கத்த நினைத்தார். கையை எடுக்க நினைத்தார், கை வரவில்லை. ஏனென்றால் அந்தக் கைக்கு வழி தெரிந்துவிட்டது, ஈச்சங்கொல்லைக்குப் போகிற வழி. இது புளியமரத்து வளைவு. இது முந்திரித்தோப்பை ஒட்டின நேர் ரோடு. இதோ குளக்கரை. இனி வலதும் இடதுமாக ஒரு வெட்டு வரும். குளக்கரையில் நடுவழியில் ஒரு கிணறு இருந்தது. அதைத் தூர்த்து மூடி, மேலே வண்டி போகிற அளவுக்கு இறுகிப்போன பிறகும் அதன் மேல் ஏற்றாமல் சுற்றிக்கொண்டு போகிறவர் ஊரிலேயே ஒரே ஆள். அத்தனை பேரும் கிண்டல் பண்ணினார்கள். சின்னதுரையும்தான்.

கம்பி வலது பக்கம் வெட்டியது.

இடது பக்கம் வெட்டியது.

"அண்ணே," என்றார். கோபமாகத்தான் வந்தது. "உனக்கு எங்க மேலதான் ஆத்தரம். பையன் என்னா பண்ணான்? அவனை வுட்டுடு."

கடைசி வளைவு. இடுகாடு இருக்கும் பக்கம். சக்கரங்கள் முழுசாகத் திரும்பி, சரளையை ஒரு கடி கடித்து நின்றன.

வந்துசேர்ந்துவிட்டது.

பெல்ட் சத்தம் கேட்கவில்லை. பம்பு சத்தம் கேட்கவில்லை. தெரு விளக்கும் போய்விட்டது. பலாப்பழ வாடை தொண்டையில் வழிந்தது.

ஜீப்பின் பின்கதவு தானாகத் திறந்து தொங்கியது. சங்கிலி ஆடியது.

பின் ஸ்பிரிங் இறங்கியது. கொஞ்சம்தான். ஓர் ஆள் ஏறின அளவு.

மறுபடி இறங்கியது.

மறுபடி.

சந்தை நாளில் இப்படித்தான் ஏறுவார்கள். ஒருத்தர் ஏறி, நகர்ந்து, அடுத்தவருக்குக் கை கொடுத்து. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பட்டைகள் முனகின. இப்போது முன்பக்கமும். இரும்பு நெஞ்சைத் தொட்டது. குளிர்ந்த இரும்பு. வெளியே நழுவப் பார்த்தார். தோள் அசையவில்லை. மூச்சை இழுத்தார். பாதிதான் உள்ளே போனது.

"நைனா, முடிஞ்சுதா? சூப்பர்வைசர் போன் மேல போன் போட்டுக்கினு இருக்கான்."

சொல்ல வேண்டும். ஏறாதே என்று ஒரு வார்த்தை. காற்று இல்லை. இரும்பு இன்னும் இறங்கியது.

"எங்க போனாரு இந்த மனுசன்?"

"பின்னால கைகால் கழுவப் போயிருப்பாரு," திலகவதியின் குரல். "அவரு சொல்லாம வண்டிய எடுக்காத."

"கரண்டு வேற போச்சு. கோணிகூட தெரியல. ஒண்ணும் இல்லைன்னுதான் எழுந்து போயிருப்பாரு. இருந்தா இந்நேரம் என்னைத் திட்டியிருக்க மாட்டாரா?"

ஒரு கை இருட்டில் தடவி, சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்தது. மகனின் கை. விரல்களை நீட்டினால் தொட்டுவிடலாம். சின்னதுரை நீட்டினார். எட்டவில்லை. அடுத்த கல்லும் போனது.

ஷூ போட்ட கால் ஒன்று மேலே ஏறியது. இன்னொன்றும் ஏறியது. ஸ்பிரிங் இறங்கியது.

"என்னாடா இது, இவ்ளோ கனமா இருக்குது," என்று மணிமாறன் தனக்குள் பேசிக்கொண்டது கேட்டது. சாவி உள்ளே போகும் சத்தம். விளக்கைப் போட்டான், பின்பக்கம் சரளையில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

சின்னதுரை கழுத்தை மட்டும் திருப்பினார். அவ்வளவுதான் முடிந்தது. பின் சக்கரத்துக்கு அப்பால், தூறல் விழும் சரளையின் மேல், கால்கள். செருப்பில்லாத கால்கள். கணுக்கால் வரைக்கும் சுரங்கத்துக் கருப்பு மண் ஒட்டின கால்கள். பெரிய கால்கள், மெட்டி போட்ட கால்கள், கொலுசு போட்ட சின்னஞ்சிறு கால்கள். ஒன்றன்பின் ஒன்றாக, தெருமுனை வரை, அதற்கும் அப்பால் இருட்டுக்குள் வரை. ஏற வேண்டியவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

இன்ஜின் பிடித்தது.

முதல் வரிசைக் கால்கள் ஓர் அடி முன்னால் நகர்ந்தன.