நூறு என்பது யாருடைய நாடி

"உங்க மானியில கோளாறே இல்ல டீச்சர்," என்றார் மானிகளைச் சோதிக்கும் அரசு ஊழியர் இதாயத்துல்லா, தையல்நாயகியின் மணிக்கட்டிலிருந்து வளையத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு. "இருபத்திமூணுதான் காட்டுது. போன தடவையும் இதேதான்."

"அப்ப எதுக்கு மூணாவது தடவையா உங்கள அனுப்பறாங்க?"

அவர் வளையத்தை மறுபடி அவள் கையில் மாட்டினார். அளவிலேயே ஏதோ கோளாறு என்ற அவள் சந்தேகம் வலுத்தது.

வெண்கரை நாட்டில் வயதுவந்த எல்லோர் கையிலும் நம்பிக்கைமானி வளையம் இருந்தது. அரசின் பேச்சு காதில் விழும்போது நாடி எகிறுகிறதா, தோல் வியர்க்கிறதா என்று பார்த்து, அரசின்மேல் ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதை அது எண்ணாகச் சொல்லும். தளபதியின் பதினெட்டு வருட ஆட்சியும் கடைசியில் அவர் மூட்டிய போரும் விட்டுப்போன கடன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தீராது. கடன் கொடுத்த நாடுகள் ஒரு நிபந்தனை போட்டன: தேர்தல் நடத்தினால் மட்டும் போதாது, சராசரி நம்பிக்கை எண்பதைத் தொட வேண்டும். தொட்டால் மொத்தக் கடனும் தள்ளுபடி. நம்புகிற ஜனங்கள் மறுபடி சண்டைக்குப் போகமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. சராசரி எழுபத்தெட்டு.

முன்பு கணக்கு டீச்சராக இருந்த தையல்நாயகி இப்போது மக்கள்மன்ற உறுப்பினர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தளபதியின் பழைய கூட்டாளிக்கே ஏன் கொடுத்தீர்கள் என்று நான்கு முறை கேட்டுவிட்டாள். மன்றக் கூட்டம் நாடெங்கும் நேரலை. அவள் எழுந்தபோதெல்லாம் நாட்டின் எண் சரிந்தது.

"பாய், ஒண்ணு கேக்கறேன். நூறுன்னு ஒரு அளவு இருக்கே, அது யாரோட நாடிய வெச்சுப் போட்டது?"

இதாயத்துல்லா ஜன்னலைச் சாத்தினார்.

"தேசிய தின அணிவகுப்பு. தளபதி பேசினப்ப ரெண்டு லட்சம் பேர் நின்னாங்க. எல்லார் கையிலயும் அடையாள வளையம் மாட்டியிருந்தாங்களே, அந்தப் பதிவுதான். ஒருத்தர் நாடியும் எகிறல. அதான் நூறு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

தன்னைச் சிக்கவைக்கத்தான் இவரை அனுப்பினார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த மைதானத்தில் அவளும் நின்றிருந்தாள். அப்போது தளபதியின் ஆட்கள் அவள் தம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. பயமும் இல்லை, கோபமும் இல்லை. இனி கேட்டுப் பயனில்லை என்று மனசு முடிவுகட்டிய பிறகு வருகிற அமைதி அது. அதற்குத்தான் நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கெடு நாள் காலை மன்றம் கூடியது. பக்கத்து இருக்கையிலிருந்த மீனவர் தொகுதி அருளப்பன் அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் பேசாம இருங்க. கடன் போனாத்தான் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் வரும். ஜெசிந்தா இன்னும் எத்தன வாரம் தாங்குவாளோ."

ஜெசிந்தா அவன் மனைவி. தையல்நாயகியிடம் கணக்குப் படித்தவள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் கையிலிருந்த குறிப்புத்தாளை மடித்து வைத்தாள். ஆனால் மன்றத் தலைவர் ஆலை ஒப்பந்தத்தை வாசிக்கத் தொடங்கியபோது உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்தாள். இதாயத்துல்லாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அணிவகுப்பு, வளையம், நூறு, தம்பி.

கூச்சல் எழும், எண் தலைகுப்புற விழும் என்று எதிர்பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் வளையத்தைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பின்னால் ஒருவர் நீளமாக மூச்சுவிட்டார். பிறகு அசைவே இல்லை.

நாட்டின் சராசரி ஓடும் சுவர்ப்பலகை எழுபத்தொன்பது காட்டியது. எண்பத்துநான்கு. தொண்ணூற்றொன்று.

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். தான் சொன்னதை நாடே நம்பிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. இனி கேட்டுப் பயனில்லை என்ற அந்த மைதானத்து அமைதிதான் இப்போது நாடெங்கும் எண்ணாக ஏறிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடத்தில் செய்தி வந்தது: மொத்தக் கடனும் தள்ளுபடி. அருளப்பன் விம்மி விம்மி அழுதான்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆலை ஒப்பந்தம் குறித்து உறுப்பினர்களுக்கு வேறு கேள்வி உண்டா?"

தையல்நாயகி கையை உயர்த்தினாள். அருளப்பன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றி, நன்றியோடு கண்களில் ஒற்றிக்கொண்டு, மெதுவாகக் கீழே இறக்கினான்.