விருந்தாளித் துணுக்கு

காலை ஒன்பது மணிக்கு ஆய்வகக் கதவைத் திறந்ததும் வழக்கம்போல பார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. பழைய கட்டடம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர்தான் தெரியும். அவள் விளக்கைப் போட்டுவிட்டு மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்தாள்.

ஐந்தரை வருடம் மருத்துவம், அதன்மேல் மூன்று வருடம் நோய்க்குறியியல். இவ்வளவு படித்தும் சொந்தக்காரர்களுக்கு அவள் "பொணம் அறுக்கிற டாக்டர்"தான். உண்மையில் அவள் பார்ப்பது பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களின் சதை. கட்டி நல்லதா கெட்டதா என்று அவள் எழுதும் ஒரு வரிக்காக ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

இன்று காத்திருப்பது அவளுடைய அக்கா.

"வேற யார்கிட்டயும் குடுக்காதடி. நீ பார்த்தா போதும்," என்றிருந்தாள் அக்கா. "நல்லதா எழுதலேன்னா உனக்குச் சோறு கிடையாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை மட்டும் மார்பை விட்டு நகரவில்லை.

அக்காவின் மார்பிலிருந்து எடுத்த சதை இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேறி விரிந்தது. சுத்தமான செல்கள். தங்கைக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு ஸ்லைடின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

அங்கே ஒரு துணுக்கு. பிறை வடிவம். உள்ளே கறுத்து வீங்கிய செல்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு.

புற்று.

சதையை மெழுகில் பதித்துச் சீவுபவரை எல்லோரும் மெழுகண்ணன் என்பார்கள். அவர் குனிந்து பார்த்தார்.

"விருந்தாளிம்மா. சீவின மெழுகு ஏட்டை வெந்நீர்ல மிதக்க விடறோம்ல, முன்னாடி மிதந்த வேற யாரோட துணுக்காவது ஒட்டிக்கிட்டிருக்கும். தெரிஞ்சதுதானே."

"தண்ணிய மாத்திட்டு மறுபடி சீவுங்கண்ணே. புது பிளேடு போடுங்க."

சீவினார். பிறை இருந்தது. முன்பைவிட ஒரு மயிரிழை, அக்காவின் சதைக்குக் கிட்டத்தில்.

மூன்றாவது ஸ்லைடில் இன்னும் கிட்டத்தில்.

"பாத்திரத்தையே மாத்திட்டேம்மா." மெழுகண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு இது பிடிக்கல."

அந்தப் பிறையைத் தங்கைக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு பெண்ணின் ஸ்லைடில் ஓரமாகக் கிடந்தது. விருந்தாளி என்று ஒதுக்கிவிட்டு, "நோய் இல்லை" என்று கையெழுத்துப் போட்டாள்.

அது விருந்தாளி இல்லை. அந்தப் பெண்ணுடையதேதான். எட்டே மாதத்தில் அவள் செத்துப்போனாள். தங்கை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நான்காவது ஸ்லைடை வைத்தாள்.

பிறை ஒட்டிவிட்டிருந்தது. அக்காவின் சதையிலிருந்து ஒரு மெல்லிய ரத்தக்குழாய் அதற்குள் போயிருந்தது. மெழுகுக்குள் இருக்கும் செத்த சதையில் எதுவும் வளராது.

எதுவும்.

போன் அடித்தது.

"என்னடி, எழுதிட்டியா?"

தங்கை மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் பேச மாட்டேங்கறே? சொல்லித் தொலைடி."

இல்லை என்று எழுதி, இருந்துவிட்டால் அக்காவும் அந்தப் பெண்ணைப் போல போய்விடுவாள். இருக்கிறது என்று எழுதினால் மார்பு போகும். தங்கை பேனாவை எடுத்தாள்.

நோய் இருக்கிறது.

பத்து நாள் கழித்து, அக்காவிடமிருந்து அகற்றிய மார்பு ஒரு மூடி போட்ட வாளியில் ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தது. தங்கை அதை அறுபது துண்டாக அறுத்தாள். இரண்டு நாள் எழுந்திருக்காமல் பார்த்தாள்.

ஒன்றில்கூட நோய் இல்லை.

பழைய நான்கு ஸ்லைடுகளையும் தேடி எடுத்தாள். பிறை இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி.

அன்று சாயங்காலம் அக்கா கட்டுப் போட்ட உடம்போடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் பார்க்கலேன்னா நான் போயிருப்பேன்டி."

தங்கை தலையை ஆட்டினாள்.

மறுநாள் மெழுகண்ணன் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இருபது ஸ்லைடு, இருபது பேர்.

முதல் ஸ்லைடின் ஓரத்தில் பிறை. இரண்டாவதில். மூன்றாவதில்.

"எல்லாம் நல்லதுதானேம்மா?" என்றார் மெழுகண்ணன் மெதுவாக.

இதில் யாராவது ஒருவருக்கு அது நிஜமாகவே இருக்கலாம். தங்கை கடைசி ஸ்லைடை வைத்துக் குனிந்தாள்.

அதிலும் இருந்தது.