அடியில் ஒட்டிய அமைதி

போன் அலறியது!

பாம்புக்காது எடுத்தாள். ஒலிப்பதிவு படிக்கும் இறுதியாண்டு மாணவி. ஊசி விழுந்தால் எந்தக் கம்பெனி ஊசி என்று சொல்லிவிடுவாள் என்று கல்லூரியே வைத்த பெயர்.

"உடனே என் ரூமுக்கு வா!"

துறைத்தலைவர். குரலில் அனல்!

ஓடினாள்.

அங்கே கத்திரியும் இருந்தாள். எடிட்டிங் மாணவி. மூன்று வருடமாக இருவருக்கும் ஒரே விடுதி அறை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலேஜ் கேமராவைக் காணோம். இதைக் கேளு!"

கம்ப்யூட்டரைத் தட்டினார். அரை நிமிட ஒலிப்பதிவு ஒன்று ஓடியது.

'கேமராவை நான்தான் எடுத்தேன்... யாருக்கும் தெரியாது... வெளிய சொல்லிடாத...'

அவள் குரல்! அவளுடையதேதான்!

"சார்! நான் இப்படிப் பேசவே இல்ல சார்!"

"அப்ப உன் ஆவி பேசுச்சா? யாரோ மெயில்ல அனுப்பியிருக்காங்க. டிவி சேனல்ல நமக்குக் கிடைச்சது ஒரே வேலை. உன் பேரைத்தான் எழுதி வச்சிருந்தேன். இனி வேலையும் இல்ல, டிகிரியும் இல்ல!"

"பாவம் சார் இவ... மன்னிச்சு விட்டுடுங்க..." விம்மினாள் கத்திரி.

பாம்புக்காது மேஜையிலிருந்த ஹெட்போனை எடுத்தாள்.

"ஒரே ஒரு தடவை ஹெட்போன்ல கேட்டுக்கறேன் சார்."

கண்ணை மூடினாள். குரலை விட்டுவிட்டு, குரலுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டாள். ஃபேன் சத்தம்... கூடவே மெல்லிய விசில். பத்து நொடி கழித்து மறுபடி அதே விசில்... மறுபடி...

முகம் வெளுத்தது.

"வெட்டி ஒட்டியிருக்காங்க சார். வார்த்தைங்க என்னோடதுதான், எப்பெப்பவோ ரூம்ல பேசுனது. ஒட்டு தெரியாம இருக்க, யாரும் பேசாத அறையோட சத்தத்த ரெக்கார்டு பண்ணி அடியில ஓடவிடுவோம். இதுல பத்து செகண்டையே திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்காங்க."

"யாரு?"

"இந்த வித்தைய நான் ஒருத்திக்குத்தான் சொல்லிக் குடுத்தேன். முழுசா ஒரு நிமிஷம் எடுக்கணும், மைக் பக்கத்துல மூச்சு விடக்கூடாதுன்னும் சொன்னேன். அவசரத்துல ரெண்டையும் மறந்துட்டா!"

ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரில் சத்தத்தை ஏற்றினாள்.

"யாரும் பேசாதீங்க சார்."

விசில்... விசில்...

ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

விசில் நிற்கவில்லை!

கத்திரியின் எப்போதும் அடைத்தே இருக்கும் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது!

துறைத்தலைவர் மெல்லத் திரும்பினார்.

"கேமரா எங்க?"

"என்... என் பீரோவுல சார்..."

"ஏன்டி?" பாம்புக்காதின் குரல் உடைந்தது. "வேலை வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனேடி!"

கூடவே இருந்து குழி பறித்தவள் தரையைப் பார்த்தாள். திருட்டுப் பட்டத்தைக்கூடத் தாங்கியிருக்கலாம், பாம்புக்காதால் இதைத் தாங்க முடியவில்லை.

"நீயே சொல்லும்மா. இவள என்ன பண்ணலாம்?" என்றார் துறைத்தலைவர்.

பாம்புக்காது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடிட்டிங்ல ஃபெயில் போடுங்க சார். ஆனா இப்ப எனக்காக அழுதா பாருங்க... நடிப்புக்கு மட்டும் நூத்துக்கு நூறு குடுத்துடுங்க!"