இலை ஒளிரும் மத்தியானம்

“யோவ் வெள்ளை டிரெஸ்ஸு! முதல்ல கீழ இறங்குங்க!”

டாம்சின் கத்திய கத்தலில் கிளிகள் சிதறின. ஹீத்கோட் காட்டு மரங்களுக்கு மேல் நிற்கும் அந்த ஆராய்ச்சிக் கோபுரம்தான் அவளுக்கு உயிர். வெயில் பட்டால் இலை லேசாக ஒரு சிவப்பு வெளிச்சம் விடும். நம் கண்ணுக்குத் தெரியாது, உச்சியிலுள்ள கருவிக்குத் தெரியும். வறட்சியில் அது மங்கிப்போயிருந்தது. நேற்றுத்தான் மழை... மரங்கள் பிழைத்துக்கொண்டனவா என்று பார்க்க, மேகமில்லாத இந்த மத்தியானத்துக்காகத் தவம் கிடந்தாள். இவன் ஏறிக் கெடுத்துவிட்டான்!

இறங்கியவன் முகவலையை விலக்கினான். மழை கழுவிய வானம் மாதிரி கண்கள்... ஐயோ, அது வேற!

“நான் ஃபெர்கஸ், தேனீ வளர்க்கிறேன். மொட்டு உதிருதான்னு பாக்க ஏறினேங்க. உதிர்ந்தா தேனுக்குப் பூ இருக்காது, தேனீப் பெட்டியெல்லாம் தூக்கிட்டு வடக்கே போயிடணும்.”

“நான் டாம்சின், இது என் கோபுரம்! உங்க டிரெஸ்ல பட்டுத் தெறிச்ச வெயிலெல்லாம் கருவிக்குள்ள போயிடுச்சு! இங்க ஏறுறவங்க கறுப்புதான் போடணும். இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!”

“சரிங்க.”

அவ்வளவுதான். போய்விட்டான்.

அப்புறம் ஒரே மேகமூட்டம். கருவியைப் பார்த்த நேரத்தைவிட, மரங்களுக்கிடையே அவன் பெட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்த நேரம்தான் அதிகம். போய் ஒரு சாரி சொன்னால் என்ன? சொல்ல மாட்டாளே... வீம்பு!

ஒருவழியாக வெயில் வந்தது. உச்சியில் உட்கார்ந்திருந்தாள். படியில் காலடிச் சத்தம்... கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், ஒரு கண் வீங்கி மூடியே போயிருந்தது.

“அடக் கடவுளே! என்ன மூஞ்சி இது?”

“பெட்டிகளைத் தாண்டித்தானே வரணும்... தேனீக்குக் கறுப்பு ஆகாதுங்க, கண்டா கொட்டிடும்.”

“தெரிஞ்சேவா போட்டீங்க?”

“வெள்ளை போட்டா நீங்க திட்டுவீங்க. அதுக்குத் தேனீயே தேவலாம்!”

சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை அவன் கன்னத்தில் ஒற்றினாள்.

அப்போதுதான் லேப்டாப் திரையில் இலை வெளிச்சத்தைக் காட்டும் கோடு மெல்ல மேலேறியது.

“ஃபெர்கஸ்! மரமெல்லாம் முழிச்சிருச்சு! மொட்டு நிக்கும்... நீங்க போக வேணாம்!”

அவன் திரையைப் பார்க்கவே இல்லை.

“முழிக்கலைன்னாலும் நான் போறதா இல்ல. பெட்டிகளை மட்டும் அண்ணன்கூட அனுப்பிடலாம்னு இருந்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு கொட்டும் வாங்கிட்டு வந்தேன்... உன்னைப் பிடிச்சிருக்கு, டாம்சின்.”

அவள் முகம் குப்பென்று சிவந்தது. அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

“சாரி... அன்னிக்கே சொல்லியிருக்கணும்,” என்றாள் மெல்ல. “நாளைக்கு அந்த வெள்ளை டிரெஸ்ஸை எனக்குக் குடு.”

“எதுக்கு?”

“எப்பவும் நீயேவா வருவ? உன் பெட்டிப் பக்கம் நானும் வரணும்ல...”