முப்பத்தொன்றாம் பக்கம்

நேற்று அந்தப் படத்தில் ஆறு கட்டில்கள்தான் இருந்தன. நவ்ரீனுக்கு நன்றாக ஞாபகம். இன்று ஏழு இருந்தன.

டோல்கேட் வாடகை நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம். படித்ததையே மறுபடி தூக்கி வந்துவிடக் கூடாதே என்று, கையில் எடுத்ததுமே ஏதாவது ஒரு பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் போட்டுவைப்பார்கள். நவ்ரீனுக்கும் அக்கா கௌசருக்கும் முப்பத்தொன்றாம் பக்கம். அவள் ஒரு குடை வரைவாள், கௌசர் ஒரு மீன். இந்தப் புத்தகத்தில் அந்தப் பக்கம் முழுக்கப் படம்: பெண்கள் விடுதியின் படுக்கை அறை. ஆறு கட்டிலின் தலைமாட்டிலும் யார் யாரோ போட்ட அடையாளங்கள், ஆறு விதமான மையில். ஓரத்தில் கிடந்த வெற்றிடத்தில்தான் நேற்று அவள் குடையை வரைந்தாள். இப்போது குடைக்குக் கீழே ஒரு கட்டில் இருந்தது.

விடுதிக் கதை என்றால் அவளுக்கு உயிர். ஹாக்கி மட்டை, நடுராத்திரித் திருட்டு விருந்து, மணியடித்ததும் படியிறங்கி ஓடும் பெண்கள். எல்லாவற்றையும்விட, ஆளுக்கொரு கட்டில். ராயபுரத்தில் ஒற்றை அறையில் ஐந்து பேர் வரிசையாகப் படுத்து, ஒருத்தி புரண்டால் எல்லாரும் புரளும் வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? இந்தப் புத்தகத்தைத் தனியாகப் படிக்கத்தான் தலைவலி என்று புளுகிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் பாயில் கிடந்தாள்.

"கதவ சும்மா சாத்திக்கினு போறேன். நிக்காஹ் முடிஞ்சதும் வந்து இட்டுனு போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கௌசர் போயிருந்தாள்.

தெருவில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல், யாரோ கதவை மூடியது மாதிரி, மெல்லத் தேய்ந்து அடங்கியது. கருவாட்டு வாடை போய் ஈரக் கம்பளி வாடை வந்தது. எங்கோ கைமணி அடித்தது. நவ்ரீன் புத்தகத்தை மூடப் போனாள். கையில் புத்தகம் இல்லை. முதுகுக்குக் கீழே பாயும் இல்லை.

இரும்புக் கட்டில்.

பக்கத்தில் ஆறு கட்டில்கள். ஆறு பெண்கள், சுவர்ப்பக்கம் திரும்பி. கதவு இல்லை. எட்டாத உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல், புத்தகப் பக்கத்தின் வடிவில். அதற்கப்பால் அவள் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா..."

"கத்தாத. கேக்காது" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி, திரும்பாமலே. "நா கத்தாத கத்தா?"

மேலே கதவு திறக்கும் சத்தம். கௌசரின் வளையல்கள்.

"நவ்ரீன், கக்கூசுக்கா பூட்ட? சீக்கிரம் வாடி, பிரியாணி ஆறிக்கினு கீது."

ஜன்னலை அடைத்துக்கொண்டு கௌசரின் முகம் குனிந்தது. அவ்வளவு பெரிய முகம். நவ்ரீன் கட்டில்மேல் ஏறி நின்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அக்காவின் கண்கள் அவள்மேல் ஊர்ந்து, நிற்காமல் கடந்துபோயின.

"அட, இத நா இன்னும் படிக்கலியே."

பேனா மூடி கழன்றது.

வேணாம்க்கா.

முனை இறங்கியது. மீனின் வால். முதுகு. வாய். கண்ணுக்கு மட்டும் ஒரு புள்ளி பாக்கி.

ஆறு பெண்களும் எழுந்தார்கள். பழகிய வேலைபோல, நவ்ரீனின் கட்டிலைப் பிடித்து ஓரமாக இழுத்து, இன்னொரு கட்டிலுக்கு இடம் விட்டார்கள்.