இருமுறை இழுத்தால்

பசி கிள்ளும், புரட்டும், காந்தும். இழுக்காது. அதுதான் பிச்சைமுத்துவை உறுத்தியது.

ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டில் விடியக்காலை வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குழிக்குக் கீழே, உள்ளிருந்து எவனோ எதையோ பிடித்து வெடுக்கென்று இரண்டு இழுப்பு இழுத்தான். வாயிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டும் விழுங்காமல் துப்பினார். நேற்று ராத்திரிச் சோற்றோடு சரி. காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது மறுபடியும் இரண்டு.

“என்னங்க, மூஞ்சி இப்படி வெளிறிப் போவுது?” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி ரெங்கம்மாள். “அறுவதடிக் கெணத்துல இறங்குன ஆளு, ஒரு கொழாய்க்குப் பயப்படுறீங்களாக்கும்.”

“கெணத்துல நான் இறங்குனேன். இது எனக்குள்ள இறங்குதே.”

அவள் சிரித்தாள். ஸ்கேன் படங்கள் இருந்த பையை விரல் வெளுக்க இறுக்கிக்கொண்டுதான் சிரித்தாள்.

மருங்காபுரிப் பக்கத்துப் பாறைக்காடுகளில் காலமெல்லாம் கிணறு வெட்டியவர் பிச்சைமுத்து. ஆழத்தில் கத்தினால் மேலே கேட்காது. கயிறுதான் பேச்சு. கீழே இருப்பவன் இரண்டு இழுப்பு இழுத்தால், தூக்கு என்று அர்த்தம். மேலே நிற்பவன் ஒரு இழுப்பில் பதில் கொடுப்பான். அதன் பிறகு கீழே இருப்பவன் அசைய மாட்டான். கயிற்றைக் கட்டிப்பிடித்தபடி காத்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் லிசி பொறுமையாகச் சொன்னாள். “வாய் வழியா ஒரு குழாய் போவும்ப்பா. நுனியில கேமராவும் குட்டி ஸ்கேனும் இருக்கும். இரைப்பைக்குப் பின்னாடி, கணையத்துல இருக்குற கட்டியப் பாத்து, ஊசியால துளி சதை எடுப்பாங்க. கெட்ட கட்டியா இல்லையான்னு அதுலதான் தெரியும். மருந்து போட்டுருவோம், அரைத்தூக்கமா இருக்கும்.”

“அந்தக் கட்டி… அசையுமா?”

“கட்டி எங்கப்பா அசையும்!”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பினாயில் வாடை, யாரோ பிரித்த இட்லிப் பொட்டலத்தின் வாடை, அதற்கெல்லாம் அடியில், வெயிலே படாத ஆழத்துச் சேற்றின் குளிர்ந்த வாடை. அது தன் மூச்சிலிருந்து வருகிறது என்று புரிந்தபோது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இழுத்தது. இரண்டு.

கை தானாகப் போனது. பழகிய கை. வயிற்றை ஒருமுறை அழுத்தியது.

பதில்.

செய்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கணமே உள்ளே எல்லாம் அடங்கிவிட்டது. பசிகூட இல்லை. கயிற்றைக் கட்டிப்பிடித்துக் காத்திருக்கும் அமைதி.

“ரெங்கம்மா, வா, வீட்டுக்குப் போயிருவோம்.”

“இன்னும் ஒரு மாசம் தெரியாமயே கெடந்து சாவணுமா? உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோங்க.” அவள் கண் கலங்கியிருந்தது. அவர் எழுந்தார்.

தொண்டையில் கசப்பு மருந்து அடித்தார்கள். நாக்கு மரத்தது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வைத்துக் கட்டினார்கள். கிணற்று வாய் மாதிரி வட்டம். கையில் ஊசி. வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். வெறும் காற்று வந்தது.

கறுப்புக் குழாய் இறங்கியது. இறங்கியது. நின்றது.

“சாம்பிள் எடுத்தாச்சு,” டாக்டரின் குரல், எங்கோ மேலே. “வெளிய வந்துரலாம்.”

குழாய் வரவில்லை.

“லிசி, கொஞ்சம் பிடிங்க.”

“சார்… கனமா இருக்கு சார்.”

அரைத்தூக்கத்திலும் அந்தக் கனம் அவருக்குத் தெரிந்தது. கயிற்றில் ஒரு ஆள் தொங்கும் கனம்.

ஏறியது. நெஞ்சு. தொண்டை. மூச்சு முட்டியது. ஈர மண் வாடை.

டாக்டர் குழாயை விட்டுவிட்டார். லிசி சுவரோடு ஒட்டி நின்றாள். குழாய் தானாக மேலே வந்துகொண்டிருந்தது.

மேலே ஏறி வருகிறவன் முதலில் விளிம்பைத்தான் பிடிப்பான். பிச்சைமுத்து கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். வாயில் இருந்த வளையத்தின் விளிம்பில், உள்ளிருந்து, சேறு அப்பிய நான்கு விரல்கள் வந்து மடிந்தன.