தேய்க்கக் கூடாத கல்

வண்ணமீன் கடையின் முன்தொட்டியில் மீன்கள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. அடியில் ஓடில்லாத கடல்நத்தை ஒன்று கந்தல் துணியாகச் செத்துக் கிடந்தது.

"வாளியில சோப்பு இருந்திருக்கு. நீதான் கொன்னுட்ட," என்றார் முதலாளி, தொட்டி கழுவும் பெண்ணிடம்.

அவள் சோப்பைத் தொட்டதே இல்லை. ஆனால் பழிபோட ஆள் கிடைத்துவிட்டால் முதலாளிமார் வேறு காரணம் தேடுவதில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வராத."

புது மீன்கள் வந்தன. ஒரு பெரிய கல்லோடு புது நத்தையும் வந்தது. நீல உடம்பு, மஞ்சள் கரை, முதுகில் ஆரஞ்சுக் கொத்து. அத்தனை அழகும் நாளுக்கு நாள் சுருங்கியது. போட்ட தீனியை அது சீண்டவே இல்லை.

பள்ளி விட்டு வந்த அந்தப் பெண்ணின் மகள், எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடும் சிறுமி, கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள்.

"அம்மா, இதுவும் செத்துரும் போல."

"வாயைக் கழுவு!" என்று அதட்டினாள் அம்மா.

நத்தை கல்லின் ஒரு பொந்தைவிட்டு நகரவில்லை. பொந்துக்குள் பழுப்பாக ஏதோ துணுக்கு ஒட்டியிருந்தது; அதைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தது.

"கல்லு வந்தப்ப இப்படியாம்மா இருந்துச்சு?"

"எங்க? மேல பூரா நாத்தம் பிடிச்ச கடற்பஞ்சு. பளபளன்னு இருக்கணும்னாரு, பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்."

"ஐயோ, அதோட சோத்தைத் தேய்ச்சுட்டியேம்மா!"

அதே இடத்தில் எடுத்த இன்னொரு கல், தேய்க்காமல் பின்கட்டில் தண்ணீரில் கிடந்தது. வாலு அதைத் தூக்கிவந்து தொட்டியில் இறக்கினாள்.

"ஏய், அந்த அழுக்கை எடு!" முதலாளி ஓடிவந்தார்.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. அப்புறமாத் திட்டுங்க, நான் எங்கயும் ஓடமாட்டேன்," என்றாள் வாலு.

நத்தை மெல்ல ஊர்ந்து புதுக் கல்லில் ஏறியது. வாயைப் பதித்தது. நகர்ந்தபோது கடற்பஞ்சில் அது தின்ற தடம் தெரிந்தது. முதலாளி குனிந்து பார்த்தார்.

"போன நத்தையும் இப்படித்தான் பட்டினியில செத்திருக்கும். அது அழுகித்தான் மீனும் போச்சு," என்றாள் வாலு.

"இந்தக் கல்லுல இருக்கறதும் தீர்ந்துட்டா?" என்றார் முதலாளி.

"மறுபடி பட்டினிதான். கடல்லயே விட்டுருங்க."

நத்தைக்காக இல்லாவிட்டாலும் மீனுக்காக ஒத்துக்கொண்டார். நத்தையைப் பிடித்து வந்த மீனவரே அதை எடுத்த இடத்தில் கொண்டுபோய் விட்டார். பிழைத்ததோ என்னவோ, யார் கண்டது?

மன்னிப்பு என்ற சொல் முதலாளி வாயில் வரவே இல்லை. ஆனால் அடுத்த கல் வந்து, அம்மா பிரஷைக் கையில் எடுத்ததும், உள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"தேய்க்காதம்மா! முதல்ல உன் பொண்ணு வந்து பார்க்கட்டும்."